டயப்பரில் ரத்தக் கோடு, அம்மாவின் தட்டில் தடை

ஆறு வாரக் குழந்தை. தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறது. எடை ஒழுங்காக ஏறுகிறது. முகம் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் டயப்பரைப் பிரித்தால் மஞ்சள் மலத்தின் மேல் சளி மாதிரி வழவழப்பாக ஓர் இழை, அதற்குள் மெல்லிய ரத்தக் கோடு. மறுநாளும் அதே. இந்த இடத்தில் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் குழந்தையைப் பற்றியதாக இருக்காது. "நேத்து என்னத்தம்மா சாப்பிட்டே?"

அந்தக் கேள்வியை முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. அம்மா சாப்பிடும் உணவிலுள்ள புரதத்தில் கொஞ்சம் தாய்ப்பாலில் இறங்கும். சில குழந்தைகளின் குடலுக்கு அது ஒத்துக்கொள்ளாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ இதழ்களில் பதிவாகிவரும் விஷயம் இது. கேள்விக்கு வீட்டில் கிடைக்கும் பதிலில்தான் கோளாறு. கத்திரிக்காய், மாங்காய், பலாப்பழம், வேர்க்கடலை, கருவாடு என்று சூடு, கரப்பான், வாயுக் கணக்கில் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுப்பார்கள். அதே வீட்டில், 'பால் குடிச்சாத்தான் பால் ஊறும்' என்று காலையும் இரவும் பசும்பால் டம்ளர் அவள் கைக்கு வந்துகொண்டே இருக்கும். பால்குடிக் குழந்தையின் குடலைத் தொந்தரவு செய்யக்கூடிய உணவுகளின் வரிசையில் முதலிடம் அந்த டம்ளருக்குத்தான். சோயா, முட்டை, கோதுமை, மக்காச்சோளம் எல்லாம் வெகுவாகப் பின்தங்கியே வருகின்றன.

அதற்காக டம்ளரை உடனே கவிழ்த்துவிடவும் வேண்டாம். பசும்பால் புரதத்துக்கு வரும் இந்த ஒவ்வாமை உண்மையில் இருக்கிறது. ஆனால் அதன் பெயர் அடிபடும் அளவுக்கு அது பரவலானது இல்லை. வந்தாலும் அநேகமாகத் தானே போய்விடும். குழந்தைக்கும் தாய்க்கும் அதைவிடக் கூடுதலாகக் கெடுதல் செய்வது, உறுதிப்படுத்தாமலே தொடங்கி, எப்போது முடிப்பது என்று யாரும் சொல்லாமல் நீண்டுகொண்டே போகும் பத்தியம்.

குடலில் என்ன நடக்கிறது

மருத்துவரின் சீட்டில் 'அலர்ஜிக் புரோக்டோகொலைட்டிஸ்', அதாவது ஒவ்வாமையால் வரும் மலக்குடல் அழற்சி என்று எழுதியிருக்கும். அல்லது பொதுவாக 'சி.எம்.பி.ஏ.' என்றிருக்கும். பசும்பால் புரத ஒவ்வாமையின் ஆங்கிலச் சுருக்கம் அது. பாதிப்பு இருப்பது மலக்குடலிலும் அதற்கு மேலே பெருங்குடலின் கடைசிப் பகுதியிலும். கேமரா குழாய் விட்டுப் பார்த்தால் உள்சுவர் அங்கங்கே சிவந்திருக்கும். சிறு நிணநீர் முடிச்சுகள் புடைத்துக்கொண்டு தெரியும். ஒரு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் குவிந்திருக்கும். சுவர் லேசாகப் புண்ணாகி, மலம் உரசிப் போகும்போது ரத்தம் கசிகிறது. குழந்தைக்கு இது வலிப்பதாகவும் தெரிவதில்லை. பால் குடிக்கிறது, தூங்குகிறது, வளர்கிறது. பிறந்த முதல் சில வாரங்களில் தொடங்கி ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும் இந்தக் கோளாறின் முக்கிய அடையாளமே, குழந்தை நன்றாக இருப்பதுதான்.

ஒவ்வாமை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வேறொன்று: இறால் தின்ற கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுப்பது. அது ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள் வழியாக நடக்கும் வேகமான ஒவ்வாமை. குடலில் ரத்தம் கசியவைக்கும் இந்த வகைக்கு ஐ.ஜி.இ.யோடு சம்பந்தமில்லை. வெள்ளணுக்கள் மெதுவாகச் செய்யும் வேலை இது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடக்கும். எனவே தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையிலோ, ரத்தத்தில் ஐ.ஜி.இ. அளக்கும் பரிசோதனையிலோ இது பிடிபடாது. நகரத்து லேப்களில் 'உணவு அலர்ஜி பேனல்' என்று ஒரே ரத்தத்தில் நூற்றுக்கணக்கான உணவுகளைப் பார்த்து, வண்ண வண்ணமாக அறிக்கை தருகிறார்கள். ஆறு வாரக் குழந்தைக்கு மலத்தில் ரத்தம் என்பதற்காக அதைச் செய்வது ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு வாங்கும் குழப்பம். அம்மாவின் ரத்தத்தில் அதைச் செய்துபார்ப்பதோ அதைவிட வேடிக்கை.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் இங்கே பெரிதாக உதவுவதில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு அது பாசிட்டிவ் என்று வரும்.

ஒரு சொட்டில் எழுபதில் ஒரு பங்கு

அம்மா தின்றது தாய்ப்பாலில் வருகிறது என்பதை முதலில் காட்டியவர்களில் ஒருவர் ஷானன் என்ற அமெரிக்க மருத்துவர். கினிப் பன்றிகளை வைத்து அவர் செய்த சோதனை 1921-இல் வெளியானது. அந்தப் பிராணிகளின் உடலில் ஏற்படும் ஒவ்வாமை எதிர்வினையை வைத்தே தாய்ப்பாலில் உணவுப் புரதம் இருப்பதை அவர் கண்டுபிடித்தார். நுட்பமான அளவுக் கருவிகள் வராத காலம். 1978-இல் ஸ்வீடனில் ஜேக்கப்சன், லிண்ட்பெர்க் என்ற இருவர், விடாமல் அழும் 18 தாய்ப்பால் குழந்தைகளின் அம்மாக்களுக்குப் பசும்பாலை நிறுத்திப் பார்த்தார்கள். 13 குழந்தைகளின் அழுகை நின்றது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். 1982-இல் லேக் என்பவரும் சகாக்களும், தாய்ப்பால் மட்டும் குடித்தும் மலத்தில் ரத்தம் போன ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். இன்றைக்கு மருத்துவர்கள் 'பாலை நிறுத்திப் பாருங்கள்' என்று சொல்வதன் வேர் இந்தச் சிறு சிறு ஆய்வுகளில்தான் இருக்கிறது. எண்ணிக்கைகளைக் கவனியுங்கள்: பதினெட்டு, ஆறு.

எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பசும்பாலில் பீட்டா லாக்டோகுளோபுலின் என்றொரு புரதம் உண்டு. மனிதத் தாய்ப்பாலில் இயற்கையாக அது கிடையாது. ஆகவே தாய்ப்பாலில் அது அகப்பட்டால் அம்மா குடித்த பாலிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்லலாம். பால் குடிக்கும் அம்மாக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் தாய்ப்பாலில்தான் அதைக் கண்டுபிடிக்கவே முடிகிறது. அளவோ ஒரு மில்லிலிட்டரில் சில நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோகிராம். பசும்பாலிலோ அதே புரதம் ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 3 மில்லிகிராம் இருக்கிறது. ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராம் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 700 மில்லி தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் போய்ச் சேருவது 2 மைக்ரோகிராம். அதாவது ஒரு சொட்டுப் பசும்பாலை எழுபது பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

இவ்வளவு சொற்பத்துக்கு ஒரு குடல் கோபித்துக்கொள்ளுமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். சில குழந்தைகளில், அம்மா பாலை நிறுத்தினால் ரத்தம் நிற்பதும் மறுபடி குடித்தால் திரும்புவதும் தெளிவாகவே தெரிகிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சந்தேகத்தைக் கைவிடவும் வேண்டாம். தாய்ப்பாலில் இப்படித் துளித்துளியாக உணவுப் புரதம் வருவதற்கு இன்னொரு முகமும் உண்டு. நோய் எதிர்ப்புப் பொருள்களோடு சேர்ந்து வரும் அந்தத் துளிகள், 'இது பகையில்லை, சாப்பாடு' என்று குடலுக்குப் பழக்கிக்கொடுக்கவும் கூடும். எல்லா அம்மாக்களும் முன்னெச்சரிக்கையாகப் பாலை நிறுத்திவிடலாமே என்ற யோசனை எடுபடாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயிரத்தில் இரண்டா, நூறில் பதினேழா

எத்தனை குழந்தைகளுக்கு இது வருகிறது என்று தேடினால் கிடைக்கும் இரண்டு எண்களுக்கு நடுவே நூறு மடங்கு இடைவெளி இருக்கிறது. இஸ்ரேலில் 13,019 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு 2012-இல் வெளியானது. அதில் பசும்பாலால் வந்த மலக்குடல் ரத்தக் கசிவு 0.16 சதவீதம். ஆயிரம் குழந்தைகளில் இரண்டு பேர்கூட இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு புறநகர்க் கிளினிக்கில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020-இல் வந்தது. அங்கே 17 சதவீதம்.

அமெரிக்கக் குழந்தைகளின் குடல் நூறு மடங்கு மென்மையாக இருக்க வாய்ப்பில்லை. மாறியது அளவுகோல். மாசசூசெட்ஸில் மருத்துவர் 'இது அலர்ஜி' என்று எழுதிய எல்லாக் குழந்தைகளும் கணக்கில் சேர்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைப் பரிசோதனையில் பார்த்து முடிவுசெய்தவையும் அதில் அடக்கம். கண்ணால் கண்ட ரத்தம் என்று மட்டும் எடுத்தால் அதே ஆய்வில் அது 7 சதவீதமாக இறங்கிவிடுகிறது. இஸ்ரேலில் பாலை நிறுத்தி, பிறகு கொடுத்துப் பார்த்து, கறாராக வடிகட்டினார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பின்லாந்தில் அர்வோலா என்பவரும் குழுவினரும் செய்த சின்ன ஆய்வு. 2006-இல் வெளியானது. மலத்தில் ரத்தம் போன 40 குழந்தைகள். குலுக்கல் முறையில் சிலருக்குப் பசும்பால் இல்லாத உணவு, மற்றவர்களுக்கு வழக்கமான உணவு. தாய்ப்பால் குடிப்பவர்கள் என்றால் அம்மாவுக்கு அந்த விதி. விளைவு: இரண்டு தரப்பிலும் ரத்தம் நிற்க எடுத்துக்கொண்ட காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கடைசியில் பசும்பால் ஒவ்வாமை என்று உறுதியானது 18 சதவீதம் பேருக்கு மட்டும். மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் தெரியவே இல்லை, சிலருக்கு வைரஸ் தொற்று. ரத்தம் தானாக நின்றுவிட்டது.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தானாகவே நிற்கப்போகும் ரத்தத்துக்கு நடுவில் அம்மா பாலை நிறுத்துகிறாள். இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கிறது. 'பார்த்தியா, பால்தான் காரணம்' என்று வீடே சொல்கிறது, மருத்துவரும் தலையசைக்கிறார். ஒரு பிள்ளைக்கு அலர்ஜி என்ற முத்திரை விழுந்துவிட்டது. அது உண்மையா என்று பார்க்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: அம்மா மறுபடி பால் குடித்துப் பார்ப்பது. ரத்தம் திரும்பினால் அலர்ஜி. திரும்பாவிட்டால் இல்லை. உலகெங்கும் வழிகாட்டு நெறிகள் சொல்லும் இந்தப் படியைத்தான் நடைமுறையில் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. இப்போதுதான் நின்றது, திரும்ப எதற்கு வம்பு என்று பயம்.

அழுகையும் கக்கலும்

ரத்தமாவது கண்ணுக்குத் தெரிகிறது. அதுகூட இல்லாமல், குழந்தை அழுகிறது, கக்குகிறது, காற்று பிரிகிறது, முக்குகிறது, மலம் பச்சையாகப் போகிறது என்பதற்கெல்லாம் பால் அலர்ஜி என்று பெயர் வைக்கும் பழக்கம் வளர்ந்துகொண்டிருக்கிறது. தாய்ப்பால் குழந்தை ஒரு நாளில் எட்டு, பத்து முறை போகும்; ஒரு வாரம் போகாமலும் இருக்கும். இரண்டும் இயல்பு. பச்சையும் நுரையும் அவ்வப்போது வந்து போகும். அழுகை பிறந்து ஆறு வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். எந்தப் பத்தியமும் இல்லாமலே.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,303 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வின் தரவுகளை 2022-இல் சிலர் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பால் ஒவ்வாமைக்கு அடையாளம் என்று வழிகாட்டு நெறிகள் பட்டியலிடும் மிதமான அறிகுறிகளில் இரண்டோ அதற்கு மேலோ, மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் ஏதாவதொரு சமயத்தில் இருந்த குழந்தைகள் 74 சதவீதம். அறிகுறிகள் உச்சத்தில் இருந்தது மூன்றாம் மாதத்தில். அப்போது அந்தக் குழந்தைகள் அத்தனை பேரும் தாய்ப்பால் மட்டுமே குடித்துக்கொண்டிருந்தார்கள். இதே ஐரோப்பாவில், பாலைக் கொடுத்துப் பார்த்து உறுதிசெய்த ஒவ்வாமை 0.54 சதவீதம் என்கிறது பல நாடுகளில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு. நூறில் எழுபத்துநான்கு பேரிடம் காணப்படுவதை நோயின் அறிகுறி என்று எப்படிச் சொல்ல?

சொல்வதால் லாபம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள். 2006-லிருந்து 2016-க்குள் இங்கிலாந்தில் அலர்ஜிக் குழந்தைகளுக்கான சிறப்புப் பால் பவுடருக்கு எழுதப்பட்ட மருந்துச் சீட்டுகள் ஏறக்குறைய 500 சதவீதம் கூடின. அரசு மருத்துவத் துறை அதற்குச் செலவிட்டது ஆண்டுக்கு 81 லட்சம் பவுண்டிலிருந்து 6 கோடி பவுண்டுக்கு மேல் போனது. அந்தப் பத்தாண்டில் ஒவ்வாமை அந்த வேகத்தில் பெருகியதற்கு எந்தச் சான்றும் கிடையாது. இந்த எண்களை 2018-இல் வெளியிட்ட பி.எம்.ஜே. இதழ்க் கட்டுரை, ஒவ்வாமை வழிகாட்டு நெறிகளை எழுதியவர்கள் பலருக்குப் பால் பவுடர் நிறுவனங்களோடு இருந்த தொடர்பையும் சுட்டிக்காட்டியது. இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-இன் திருத்தமும் இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் பால் பவுடருக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. மருத்துவர்களுக்குப் பரிசு கொடுப்பதும் அவர்களின் கூட்டங்களுக்குச் செலவழிப்பதும் குற்றம். நம்மிடம் சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'உங்க பால் பாப்பாவுக்கு ஒத்துக்கல' என்ற ஒரு வாக்கியத்தை எந்தச் சட்டமும் தடுக்காது. பவுடர் டப்பாவுக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை.

இந்த வாக்கியத்தில் இன்னொரு குழப்பமும் அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது: லாக்டோஸ். அது பாலிலுள்ள சர்க்கரை; ஒவ்வாமை வருவது புரதத்துக்கு. தாய்ப்பாலிலேயே நூறு மில்லிக்கு சுமார் 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. அம்மா பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது குறையாது. பிறவியிலேயே லாக்டோஸைச் செரிக்க முடியாத குழந்தை மிக மிக அபூர்வம். எனவே ரத்தம் போகிறது என்று தாய்ப்பாலை நிறுத்தி 'லாக்டோஸ் இல்லாத' பவுடர் கொடுத்தால், உண்மையில் அலர்ஜி இருக்கும் குழந்தையின் நிலை இன்னும் மோசமாகும். அந்தப் பவுடரில் பெரும்பாலும் இருப்பது பசும்பால் புரதமேதான். ஒரு சொட்டில் எழுபதில் ஒரு பங்குக்குப் பதில் வேளைக்கு ஒரு பாட்டில்.

முதலில் விலக்க வேண்டியவை

மலத்தில் ரத்தம் என்றால் ஒருமுறையாவது குழந்தையை மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும். போனில் படம் அனுப்பி முடித்துக்கொள்ளும் விஷயம் இல்லை. நன்றாக இருக்கும் குழந்தையில் மிகச் சாதாரணமான காரணம் ஆசனவாயில் ஒரு சின்ன வெடிப்பு. கால்களை மடக்கி வெளிச்சத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். அம்மாவின் மார்புக் காம்பு வெடித்திருந்தால் குழந்தை விழுங்குவது அம்மாவின் ரத்தமாக இருக்கலாம். அது பெரும்பாலும் கறுப்பாகவோ, கக்கும்போதோ தெரியும். யாருடைய ரத்தம் என்று பிரித்தறிய 1955-லிருந்து ஓர் எளிய பரிசோதனை இருக்கிறது: சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் பெரியவர்களின் ரத்தம் பழுப்பு மஞ்சளாகும், பச்சிளங்குழந்தையின் ரத்தம் இளஞ்சிவப்பாகவே நிற்கும்.

பிறந்தவுடன் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்பது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. தாய்ப்பாலில் அந்த வைட்டமின் குறைவு. ஊசி போடாத குழந்தைக்கு இரண்டாவது வாரத்துக்குப் பிறகும் ரத்தம் உறையாமல் போய், தலைக்குள்ளேயே கசியலாம். மலத்தில் தெரிந்த ரத்தம் அதற்கு முன்னறிவிப்பாக இருந்தால், பால் அலர்ஜி என்று இரண்டு வாரம் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

பச்சை நிறத்தில் வாந்தி, வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, விட்டுவிட்டு வீறிட்டு அழுது நடுவே துவண்டு போவது, சிவப்பு ஜெல்லி போன்ற மலம், காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, எடை ஏறாமல் நிற்பது: இவற்றில் எது இருந்தாலும் பேச்சு அலர்ஜியைப் பற்றியது இல்லை. குடல் முறுக்கிக்கொண்டதோ, ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொண்டதோ, கிருமித் தொற்றோ. அன்றே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் உஷார்.

'தாய்ப்பால் மட்டும்தான்' என்ற பதிலையும் ஒருமுறைக்கு இருமுறை துருவ வேண்டியிருக்கிறது. பிறந்த அன்று சேனை தொட்டு வைத்தது, ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாள் கொடுத்த பவுடர் பால், குளிப்பாட்டிய பின் வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் இழைத்த உரை மருந்து, கிரைப் வாட்டர், பாட்டி தண்ணீர் கலந்து சங்கில் புகட்டிய பசும்பால். இவற்றை யாரும் 'சாப்பாடு' கணக்கில் சேர்ப்பதில்லை. கல்லும் சங்கும் விரலும் வழியாகப் போகும் கிருமி ஒன்று போதும், மலத்தில் சளியும் ரத்தமும் வர. சங்கில் நேரடியாகப் போன பசும்பாலோ, அம்மா வழியாக வருவதைவிடப் பல லட்சம் மடங்கு அதிகம்.

பத்தியம் என்றால் தேதி போட்டுத் தொடங்குவது

குழந்தை நன்றாக இருக்கிறது, ரத்தம் கொஞ்சம்தான், மேலே சொன்னவை எதுவும் இல்லை என்றால் சில வாரம் ஒன்றும் செய்யாமல் கவனித்துப் பார்ப்பதே நியாயமான வைத்தியம். பின்லாந்து ஆய்வுக்குப் பிறகு இப்படிச் சொல்லும் மருத்துவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் மருந்து எழுதாமல் அனுப்பும் மருத்துவருக்கு மரியாதை கிடைப்பது கஷ்டம்.

ரத்தம் தொடர்கிறது, அல்லது கூடுகிறது என்றால் அம்மா பாலை நிறுத்திப் பார்க்கலாம். தாய்ப்பாலை அல்ல, தான் குடிக்கும் பாலை. இரண்டிலிருந்து நான்கு வாரம். பால் காரணமாக இருந்தால் பெரும்பாலும் மூன்று நான்கு நாளிலேயே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். முழுக்கத் தெளிய வாரங்கள் ஆகலாம். தமிழ்ச் சமையலில் பாலை விலக்குவது மேற்கத்திய உணவில் விலக்குவதைவிட எளிது. சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், இட்லி, மீன் குழம்பு எதிலும் பால் இல்லை. சிக்கல் காபி, டீ, தயிர், மோர், இரவுப் பால் ஆகியவற்றில்தான். அப்புறம் மறைந்திருப்பவை: பிஸ்கட், பன், பிரெட், சாக்லெட், பிரசவித்தவர்களுக்கு என்று வாங்கிவரும் புரோட்டீன் பவுடர், பால்கோவா, மில்க் ஸ்வீட். நெய்யில் புரதம் மிகச் சொற்பம், ஆனால் பூஜ்யம் இல்லை. சோதனை நாட்களில் அதையும் ஒதுக்கிவைத்தால் முடிவு தெளிவாக இருக்கும். லேகியத்தில் நெய் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பசும்பாலுக்குப் பதில் எருமைப்பாலோ ஆட்டுப்பாலோ குடிக்கலாமா என்றால், கூடாது. மூன்றின் புரதமும் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம். ஒன்றுக்கு ஆகாத உடம்புக்கு மற்றவையும் ஆகாது. கழுதைப்பால் மட்டும் இந்தக் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறது. இத்தாலியில் பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து ஆய்வே செய்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுத் தெருவில் கழுதையோடு வருபவரிடம் ஒரு சங்கு வாங்கிவிடாதீர்கள். காய்ச்சாத பால், ஆறு மாதம் ஆகாத குழந்தை, இரண்டும் சேரக் கூடாது.

ஒரே நேரத்தில் பால், முட்டை, கோதுமை, மீன், கடலை என்று எல்லாவற்றையும் வெட்டுவது நான் பார்த்தவரை மிக அதிகமாக நடக்கும் தவறு. ரத்தம் நின்றால் எதனால் நின்றது என்று தெரியாது. நிற்காவிட்டால் இன்னும் என்ன மிச்சம் என்று தேட ஆரம்பிப்பார்கள். ஏற்கெனவே பத்தியச் சாப்பாடு என்று பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும் மட்டும் கிடைக்கும் வீட்டில் இந்தப் பட்டியலும் சேர்ந்தால் அவள் எதைத்தான் தின்பாள்? தமிழ்நாட்டில் 15-இலிருந்து 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. குழந்தையின் டயப்பரில் போகும் ரத்தத்தைவிட அம்மாவின் உடம்பில் இல்லாத ரத்தம் பெரிய பிரச்சினை.

பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. பாலையும் தயிரையும் எடுத்துவிட்டால் அதற்கு ஈடு கட்டியாக வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். எள்ளுருண்டை, முள்ளோடு தின்னும் நெத்திலி, கீரை என்று நம்மிடம் வழி நிறைய உண்டு. நான்கு வாரத்துக்கு மேல் நீளும் என்றால் மருத்துவரைக் கேட்டு கால்சியம், வைட்டமின் டி மாத்திரையும் போட்டுக்கொள்வது நல்லது.

நான்கு வாரம் முடிந்த அன்று, ரத்தம் நின்றிருந்தாலும் நிற்காவிட்டாலும், அம்மா ஒரு டம்ளர் பால் குடிக்க வேண்டும். நிற்காத வீட்டில் பால் குற்றவாளி இல்லை என்று ஆயிற்று, பத்தியம் முடிந்தது. நின்ற வீட்டில் இதுதான் உண்மையான பரிசோதனை. நாள்தோறும் பழையபடி குடித்து ஒரு வாரம் பார்க்கலாம். ரத்தம் வராவிட்டால் அலர்ஜி இல்லை, அல்லது இருந்து போய்விட்டது. திரும்பினால் மட்டும், தாய்ப்பாலைத் தொடர்ந்துகொண்டே அம்மா பாலை விலக்கிவைக்கலாம். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை; அதிகபட்சம் நடக்கக்கூடியது டயப்பரில் இன்னொரு ரத்தக் கோடு. அம்மா பத்தியம் இருந்தும் ரத்தம் அதிகமாகப் போய், குழந்தைக்கு ரத்தசோகை வருமளவுக்குப் போகும் வெகு சிலருக்குத்தான் புரதத்தை உடைத்துத் தயாரிக்கும் சிறப்புப் பவுடர் பற்றிய பேச்சே எழ வேண்டும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

உறுதியாக அலர்ஜி உள்ள குழந்தைகளிலும் அநேகமாக எல்லோருக்கும் ஒரு வயதுக்குள் சரியாகிவிடுகிறது. ஆனால் விலக்கிவைத்தே வளர்ப்பதற்கு ஒரு விலை இருக்கலாம். மாசசூசெட்ஸ் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, மலக்குடல் அழற்சி என்று முத்திரை விழுந்தவர்களில் 11 சதவீதம் பேருக்குப் பின்னாளில் வேகமான ஐ.ஜி.இ. ஒவ்வாமை வந்தது, மற்றவர்களில் 5 சதவீதம். இந்த வித்தியாசம் நோயின் இயல்பா, நீண்ட நாள் பாலைக் கண்ணில் காட்டாமல் வைத்ததன் விளைவா என்ற விவாதம் ஓயவில்லை. வேர்க்கடலையை முதல் வயதிலேயே கொடுக்கத் தொடங்கினால் ஒவ்வாமை பெருமளவு குறைகிறது என்று 2015-இல் வந்த லண்டன் ஆய்வு காட்டிய பிறகு, தள்ளிப்போடுவது பாதுகாப்பு என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. எனவே பாலுக்கு ஒவ்வாமை என்பதால் முட்டையையும் கடலையையும் கோதுமையையும் தள்ளிப்போடத் தேவையில்லை; ஆறு மாதம் ஆனதும் மற்ற குழந்தைகளுக்குப் போலவே மசித்தும் கரைத்தும் தொடங்கலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஏதாவதொரு புது உணவு கொடுத்து ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தை அடுக்கடுக்காக வாந்தி எடுத்து, வெளிறி, துவண்டு விழுந்தால் அது குடல் ஒவ்வாமையின் இன்னொரு வகை, இதைவிடக் கடுமையானது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அதற்குக் காரணமாகும் உணவுகளில் அரிசி முன்வரிசையில் இருக்கிறது. அரிசிக் கஞ்சியால் எந்தக் குழந்தைக்கும் எதுவும் வராது என்ற நம் உறுதி இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் தளரலாம்.

பாலை விலக்கிய குழந்தைக்கு ஒன்பது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் நடுவில், ஆறு மாதமாவது விலக்கி ஆன பிறகு, மறுபடி தொடங்கலாம். முதலில் அம்மா தன் காபியில், மோரில் தொடங்கி ஒரு வாரம் பார்க்கலாம். அதன்பின் குழந்தைக்கே ஒரு ஸ்பூன் தயிர்ச் சாதம், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி. ரத்தம் மட்டும் போன குழந்தை என்றால் வீட்டிலேயே செய்யலாம். பால் பட்ட இடம் தடித்தது, உதடு வீங்கியது, அடுக்கடுக்காக வாந்தி வந்தது என்று எப்போதாவது நடந்திருந்தால் அந்த முதல் ஸ்பூன் ஆஸ்பத்திரியில், மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது.